உப்புக் கல்லில் ஜோடிகள் இல்லை

பருப்பொருளைப் பற்றிப் பள்ளியில் ஒரு வரிசை சொல்லித்தருவார்கள். அணுக்கள் சேர்ந்தால் மூலக்கூறு, மூலக்கூறுகள் சேர்ந்தால் பொருள். ஒரே வகை அணுக்கள் மட்டும் இருந்தால் தனிமம். வெவ்வேறு வகை அணுக்கள் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் பிணைந்திருந்தால் சேர்மம். தண்ணீருக்கு இந்த வரிசை அப்படியே பொருந்தும். சர்க்கரைக்கும் பொருந்தும். ஆனால் சேர்மம் என்றதும் ஆசிரியர்கள் முதலில் எடுத்துக்காட்டும் சாப்பாட்டு உப்புக்குப் பொருந்தாது. ஒரு கல் உப்பை எவ்வளவு சிறிதாக உடைத்துக்கொண்டே போனாலும், இதுதான் உப்பின் ஒரு மூலக்கூறு என்று தனியே எடுத்துக்காட்ட அதற்குள் எதுவும் இல்லை.

சோடியமும் குளோரினும் சேர்ந்தது உப்பு என்று தெரிந்தபின் இதைக் கண்டுபிடிக்க வேதியியலுக்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. கண்டுபிடித்த பிறகும் மூத்த வேதியியலாளர் சிலரால் அதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அணு, தனிமம், சேர்மம் என்ற மூன்று சொற்களும் உண்மையில் எதைக் குறிக்கின்றன என்பதை உப்பைப் போல் விளக்கும் பொருள் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கடலிலிருந்தே தொடங்கலாம். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. பன்மையில் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதில் முக்கால் பங்குக்குச் சற்று மேலே நாம் சாப்பிடும் உப்பு. மீதி மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவற்றின் உப்புகள். தூத்துக்குடி அளங்களில் கடல் நீரையோ, ஆழ்துளைக் கிணறு போட்டு அதைவிடக் கரிக்கும் நிலத்தடி நீரையோ பாத்திகளில் பாய்ச்சி வெயிலில் விடுகிறார்கள். நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி ஏறுகிறது. மிதவைக் கருவியை விட்டு எத்தனை டிகிரி என்று பார்ப்பார்கள். முதலில் சுண்ணாம்பு படிகிறது. அடுத்து ஜிப்சம். 25 டிகிரியை எட்டும்போதுதான் உப்பு பூக்கத் தொடங்கும். அப்போது வாருபலகையால் வாரிக் கரையேற்றுகிறார்கள். 30 டிகிரியை நெருங்கவிட்டால் மெக்னீசியம் உப்புகளும் கூடவே இறங்கிவிடும். அதனால் மிஞ்சும் கசப்பு நீரை அதற்கு முன்பே வடித்துவிட வேண்டும். மழைக்காலத்தில் சில கல் உப்பு ஜாடிக்குள்ளேயே கசிந்து ஈரமாவதற்கு, வடியாமல் ஒட்டிக்கொண்ட அந்த மெக்னீசியம் குளோரைடுதான் பெரும்பாலும் காரணம். காற்றிலுள்ள ஈரத்தை அது இழுத்துக்கொள்கிறது.

அளத்தில் நடப்பது கலவையைப் பிரிக்கும் வேலை. கலந்திருக்கும் சேர்மங்கள் ஒவ்வொன்றும் தத்தம் அடர்த்தியில் வெளியேறுகின்றன. எதுவும் தன் இயல்பை இழப்பதில்லை. ஆனால் வெளியே வந்த உப்பை அதே பாத்தியில் நூறு சித்திரை காயப்போட்டாலும் சோடியம் வேறு, குளோரின் வேறு என்று பிரியாது. 801 டிகிரி செல்சியஸில் உருகி நீராக ஓடும்போதும் பிரியாது. கலவைக்கும் சேர்மத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கே இருக்கிறது.

அப்படியானால் உப்பு தனிமம் இல்லை என்பதை எப்படித் தெரிந்துகொண்டார்கள்? பிரான்ஸில் லவாய்சியர் 1789இல் வெளியிட்ட வேதியியல் நூலில் 33 எளிய பொருள்களின் பட்டியல் ஒன்று உண்டு. இனி உடைக்க முடியாதது என்று இதுவரை எது தெரியவருகிறதோ அதுவே தனிமம் என்பது அவர் வைத்த அளவுகோல். இயற்கையின் கடைசி உண்மையைக் கண்டுவிட்டதாக அவர் சொல்லவில்லை. நம் கையிலுள்ள கருவிகளால் எட்டிய எல்லை இது என்றார். நவீன வேதியியல் பிறந்த இடமாக நான் கருதுவது இந்த அடக்கத்தைத்தான். ஒளியும் வெப்பமும்கூட அந்தப் பட்டியலில் இருந்தன. சோடாவையும் பொட்டாஷையும் மட்டும் அவர் சேர்க்கவில்லை. அவற்றை உடைக்க அவரிடம் வழி இல்லை. ஆனாலும் அவை ஏதோ சேர்மங்கள்தாம் என்று சந்தேகப்பட்டார். 1794இல் புரட்சி நீதிமன்றம் அவரைக் கில்லட்டினுக்கு அனுப்பியது. சந்தேகம் சரிதான் என்று பார்க்க அவர் இருக்கவில்லை.

உடைக்கும் கருவி 1800இல் வந்தது: வோல்ட்டாவின் மின்கலம். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி அதைப் பெரிய அடுக்காகக் கட்டிவைத்திருந்தார். பொட்டாஷைத் தண்ணீரில் கரைத்து மின்சாரம் பாய்ச்சியபோது தண்ணீர்தான் உடைந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வந்தன. 1807 அக்டோபர் 6ஆம் தேதி, கரைக்காமல், காற்றின் ஈரம் லேசாகப் பட்ட பொட்டாஷ் கட்டியிலேயே மின்சாரத்தைச் செலுத்தினார். கட்டி உருகியது. எதிர்மின் முனையில் பாதரசம்போல் பளபளக்கும் சிறு குண்டுகள் தோன்றின. சில அங்கேயே வெடித்துத் தீப்பிடித்தன. அதுவரை மனிதர் எவரும் கண்டிராத பொட்டாசியம். சில நாள்களிலேயே காஸ்டிக் சோடாவிலிருந்து சோடியத்தையும் எடுத்தார். உதவியாளராக இருந்த அவருடைய உறவினர் எட்மண்ட் டேவி, அந்த முதல் குண்டுகளைக் கண்டதும் ஹம்ப்ரி ஆய்வகத்துக்குள் ஆனந்தக்கூத்தே ஆடினார் என்று பதிவுசெய்திருக்கிறார். டேவிக்கு அப்போது வயது 28.

சோடியத்தைக் கல்லூரி ஆய்வகங்களில் மண்ணெண்ணெய்க்குள் மூழ்கவைத்துத்தான் வைத்திருப்பார்கள். இடுக்கியால் ஒரு துண்டை எடுத்துக் கத்தியை வைத்து அழுத்தினால் கெட்டி வெண்ணெய்போல் வெட்டுப்படும். வெட்டிய முகம் வெள்ளியாக மின்னும். ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கலடித்துவிடும்; காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஈரமும் அதைப் பிடித்துக்கொள்கின்றன. கடுகளவு துண்டைத் தண்ணீரில் போட்டால் மூழ்காது. தன் வினையின் சூட்டிலேயே உருகி உருண்டையாகி, சீறிக்கொண்டு நீர்ப்பரப்பில் இங்கும் அங்கும் ஓடும். துண்டு கொஞ்சம் பெரிதானாலும் வெடிக்கும். ஆசிரியர் துணையில்லாமல் ஒருநாளும் செய்துபார்க்கக் கூடாத சோதனை இது.

குளோரினின் கதை வேறு விதமானது. சுவீடனின் ஷீலே 1774இலேயே அதைத் தயாரித்துவிட்டார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு மாங்கனீஸ் டை ஆக்சைடைச் சேர்த்தபோது மூச்சுமுட்டும் மஞ்சள்பச்சை வாயு எழுந்தது. ஆனால் அது ஒரு தனிமம் என்று அவருக்கும் தெரியவில்லை, அவருக்குப் பின் வந்தவர்களுக்கும் தெரியவில்லை. எல்லா அமிலங்களிலும் ஆக்சிஜன் இருந்தாக வேண்டும் என்று லவாய்சியர் சொல்லிவைத்திருந்ததால், இந்த வாயுவுக்குள்ளும் ஆக்சிஜன் ஒளிந்திருப்பதாகவே நம்பினார்கள். டேவிதான் இதையும் தீர்த்தார். மின்சாரத்தால் பழுக்கக் காய்ச்சிய கரியை அந்த வாயுவுக்குள் வைத்துப் பார்த்தார். உள்ளே ஆக்சிஜன் இருந்திருந்தால் கரி அதைப் பறித்திருக்கும். ஒன்றும் நடக்கவில்லை. இதில் ஆக்சிஜன் இல்லை, இது உடையாத தனிமம் என்று 1810இல் அறிவித்தார். லவாய்சியரின் அமிலக் கொள்கை தவறு என்று காட்டியது, அவரே வகுத்துத்தந்த தனிமத்தின் அளவுகோல்தான்.

உப்பிலிருந்து இந்த இரண்டையும் எடுப்பது இன்று அன்றாடத் தொழில். தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்திலும், சேலம் மாவட்டம் மேட்டூரிலும் உள்ள ஆலைகள் உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சிக் குளோரினும் காஸ்டிக் சோடாவும் எடுக்கின்றன. தண்ணீர் இருப்பதால் அங்கே சோடியம் உலோகமாகக் கிடைப்பதில்லை. உலோகமே வேண்டுமென்றால் தண்ணீரே இல்லாமல் உப்பை உருக்கி மின்னாற்பகுப்பு செய்ய வேண்டும்.

தண்ணீரைக் கண்டால் சீறும் உலோகம் ஒன்று. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ரா போர்முனையில் சிப்பாய்களைக் கொன்ற வாயு இன்னொன்று. சேர்ந்தபின் இரண்டின் குணமும் எங்கே போயிற்று என்பதுதான் உப்பைப் பற்றி மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி. பதில் சொல்லுமுன், போகாதது எது என்று பார்த்துவிடுவது நல்லது.

எரியும் கேஸ் அடுப்பின் நீலச் சுடரில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவினால் சுடர் பளிச்சென்று மஞ்சளாகும். ஆப்ப சோடாவைத் தூவினாலும் அதே மஞ்சள்தான். சலவை சோடாவிலும் அதுவே. சேர்மம் எதுவானாலும், சுடரின் சூட்டில் சோடியம் அணுவாக விடுபட்டு, 589 நானோமீட்டரை ஒட்டிய இரண்டு அலைநீளங்களில் ஒளியை உமிழ்கிறது. ஒவ்வொரு தனிமத்துக்கும் இப்படி மாறாத நிறக் கோடுகள் உண்டு என்பதை ஜெர்மனியின் பன்சனும் கிர்க்காஃபும் 1860இல் நிலைநாட்டினார்கள். அந்தக் கோடுகளை வைத்துச் சூரியனில் என்ன இருக்கிறது என்றுகூடச் சொல்ல முடிந்தது. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணத்தின் பாதை ஆந்திரக் கடற்கரை வழியாகப் போனது. பிரான்ஸின் ஜான்சன் குண்டூரில் காத்திருந்தார். சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்தில் கருவிகளோடு நின்றார். சூரிய விளிம்பின் ஒளியில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. சோடியமாக இருக்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்தக் கோடு சோடியத்தின் இடத்தில் இல்லை, சற்றுத் தள்ளி இருந்தது. பூமியில் எவரும் அறியாத புதிய தனிமம் என்ற முடிவுக்குப் பிரிட்டிஷ் வானியலாளர் லாக்கியர் வந்தார். ஹீலியம் என்ற அந்தத் தனிமத்தைப் பூமியில் வேதியியலாளர் ராம்சே பிடித்தது 1895இல். ஒரு நானோமீட்டர், இரண்டு நானோமீட்டர் வித்தியாசத்தில் ஒரு தனிமம் இன்னொன்றாகிவிடாமல் தனித்து நிற்கிறது.

சோடியத்தைச் சோடியமாக்குவது அதன் அணுக்கருவிலுள்ள 11 புரோட்டான்கள். குளோரினுக்கு 17. இந்த எண்தான் தனிமத்தின் அடையாளம் என்று 1913இல் எக்ஸ் கதிர்களை வைத்துக் காட்டிய ஹென்றி மோஸ்லி, இரண்டு ஆண்டுகளில், 27 வயதில், கலிப்போலி போரில் சுடப்பட்டு இறந்தார். வேதிவினை அணுக்கருவைத் தொடுவதே இல்லை. வெளியே சுற்றியுள்ள எலக்ட்ரான்களில்தான் கொடுக்கல் வாங்கல் எல்லாம். குணங்களைத் தீர்மானிப்பவையும் அவையே. அதனால்தான் சேர்மத்துக்குள் தனிமத்தின் அடையாளம் நிலைக்கிறது, குணம் மாறிவிடுகிறது. அயோடின் சேர்த்த உப்பு என்று வாங்குகிறோமே, அதில் கலந்திருப்பது அயோடின் தனிமம் இல்லை. பொட்டாசியம் அயோடேட் என்ற சேர்மம். இரும்புச் சத்து மாத்திரையில் இருப்பதும் ஆணி செய்யும் இரும்பு இல்லை. பெரும்பாலும் இரும்பின் சல்பேட் போன்ற உப்புதான்.

சேர்மத்தின் இன்னொரு இலக்கணம் விகிதம். எந்தக் கடலிலிருந்து எடுத்தாலும், எந்த மலையிலிருந்து வெட்டினாலும், தூய உப்பின் எடையில் 39.3 சதவீதம் சோடியம், 60.7 சதவீதம் குளோரின். இதை இன்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதற்காக இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் பத்தாண்டு வாதாடியிருக்கிறார்கள். சேர்மத்தின் விகிதம் மாறவே மாறாது என்றார் பிரௌஸ்ட். சூழலுக்கு ஏற்ப ஏறி இறங்கலாம் என்றார் பெர்த்தோலே. இருவரும் மரியாதை குறையாமல் மோதினார்கள், சோதனைகளால் மட்டுமே பதில் சொன்னார்கள். வென்றவர் பிரௌஸ்ட்.

மாறாத விகிதத்துக்குக் காரணம் சொன்னவர் மான்செஸ்டரில் பாடம் சொல்லிப் பிழைத்த ஜான் டால்டன். ஒவ்வொரு தனிமத்துக்கும் தனக்கே உரிய எடையுள்ள அணு உண்டு. அணுக்கள் முழு எண்ணிக்கையிலேயே சேரும். அரை அணு என்று ஒன்று இல்லை. அப்படியானால் எடை விகிதம் எப்படி மாறும்? 1808இல் வெளிவந்த அவருடைய நூலில் இந்த வாதம் இருக்கிறது. அணுவை ஒருவரும் கண்ணால் பார்த்திராத காலத்தில், தராசை மட்டும் நம்பி எட்டிய முடிவு இது.

இந்த விகிதம் கடையில் பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பவருக்கும் உதவும். பிஸ்கட், சிப்ஸ், ஊறுகாய் எதிலும் உப்பு எவ்வளவு என்று போடமாட்டார்கள். சோடியம் இத்தனை மில்லிகிராம் என்றுதான் அச்சிட்டிருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் எவ்வளவு உப்புக்குச் சமம் என்று தெரியும். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஒரு கிராம் உப்பு. நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

டால்டனின் கணக்கில் குளோரின் மட்டும் நெடுங்காலம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஹைட்ரஜனை ஒன்று என்று வைத்தால் பல தனிமங்களின் எடை முழு எண்ணை ஒட்டி வருகிறது. குளோரினுக்கு மட்டும் ஏறத்தாழ முப்பத்தைந்தரை. எவ்வளவு திருத்தமாக நிறுத்தாலும் அந்த அரை போகவில்லை. கேம்பிரிட்ஜில் ஆஸ்டன் 1919இல் அணுக்களை எடைவாரியாகப் பிரிக்கும் கருவி ஒன்றை உருவாக்கினார். குளோரினை அதில் செலுத்தியபோது 35 எடையுள்ளதும் 37 எடையுள்ளதுமாக இரண்டு வகை அணுக்கள் தென்பட்டன. நாலில் மூன்று பங்கு முதல் வகை, ஒரு பங்கு இரண்டாவது. சராசரிதான் 35.45. ஒரே தனிமத்தின் எல்லா அணுக்களும் ஒரே எடை என்ற டால்டனின் வாக்கியம் அதோடு விழுந்தது. அவருடைய அணு விழவில்லை.

இனி ஜோடி விஷயத்துக்கு வரலாம். சோடியம் ஒன்று, குளோரின் ஒன்று என்று எண்ணிக்கை விகிதம் தெரிந்ததும், ஒன்றோடு ஒன்று கைகோத்த ஜோடிகளாகவே உப்பை எல்லோரும் மனத்தில் வரைந்துகொண்டார்கள். அது பொருத்தமில்லை என்ற முதல் குறிப்பு கரைசல்களிலிருந்து வந்தது. சர்க்கரைத் தண்ணீரில் மின்சாரம் ஓடுவதில்லை. உப்புத் தண்ணீரில் ஓடுகிறது. தண்ணீரின் உறைநிலையை ஒரு சர்க்கரை மூலக்கூறு எவ்வளவு இறக்குமோ, ஒரு பங்கு உப்பு ஏறத்தாழ இரு மடங்கு இறக்குகிறது; கரைந்தபின் துகள்கள் இரட்டிப்பாகிவிட்டதுபோல. சுவீடனின் அர்ரீனியஸ், கரைசலில் உப்பு மின்னூட்டம் பெற்ற அயனிகளாகப் பிரிந்தே கிடக்கிறது என்று வாதிட்டார். மின்சாரம் பாய்ச்சுவதற்கு முன்பே, சும்மா இருக்கும் கரைசலில்! 1884இல் இதற்கு அடித்தளமான முனைவர் ஆய்வேட்டுக்கு உப்சாலா பல்கலைக்கழகம் மிகக் குறைந்த மதிப்பீடே கொடுத்தது. அதே சிந்தனைக்கு 1903இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, தண்ணீர்தான் ஜோடியைப் பிரித்துவிட்டது, உலர்ந்த கல்லில் ஜோடியாகத்தானே இருக்கும் என்று எண்ண இடமிருந்தது. அதையும் மூடியவர் லாரன்ஸ் பிராக். படிகங்களுக்குள் எக்ஸ் கதிர் நுழைந்தால் ஒழுங்கான புள்ளிகளாகச் சிதறும் என்று 1912இல் ஜெர்மனியில் லௌவே குழு காட்டியது. அந்தப் புள்ளிகளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு அணுக்கள் எங்கெங்கே நிற்கின்றன என்று சொல்லலாம் என்பது பிராக்குக்குத் தோன்றியது. மறு ஆண்டே உப்பின் அமைப்பை வெளியிட்டார். அப்பாவோடு சேர்ந்து 1915இல் நோபல் பெற்றபோது அவருக்கு வயது 25.

அவர் கண்டது இது. ஒவ்வொரு சோடியம் அயனியையும் சுற்றி மேலே, கீழே, முன்னே, பின்னே, இடத்தில், வலத்தில் என்று ஆறு குளோரைடு அயனிகள். ஒவ்வொரு குளோரைடையும் சுற்றி அதேபோல் ஆறு சோடியம். ஆறும் சம தூரத்தில், 0.282 நானோமீட்டரில். எந்தக் குளோரைடும் எந்தச் சோடியத்துக்கும் கூடுதல் நெருக்கம் இல்லை. அப்படியிருக்க, இது இதனுடைய ஜோடி என்று எதைச் சொல்வது? சோடியம் குளோரைடு என்ற பெயரும் அதன் வாய்பாடும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கைச் சொல்கின்றனவே தவிர, உள்ளே நிற்கும் உருவத்தைச் சொல்லவில்லை.

பிரிட்டனின் மூத்த வேதியியலாளர் ஹென்றி ஆம்ஸ்ட்ராங்குக்கு இது பொறுக்கவில்லை. 1927இல், தன் 79ஆவது வயதில், நேச்சர் இதழுக்குக் கடிதம் எழுதினார். சோடியத்தையும் குளோரினையும் சதுரங்கக் கட்டம்போல் மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள், இது வேதியியலே இல்லை, பொதுப்புத்திக்கே விரோதம் என்பது அவருடைய ஆற்றாமை. அவரைப் பழம்பஞ்சாங்கம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. மூலக்கூறு என்ற கருத்தை அரும்பாடுபட்டு நிலைநாட்டிய தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். கண்ணெதிரே இருக்கும் உப்பில் அது இல்லை என்றால் எப்படி ஒப்புக்கொள்வார்?

ஜோடி ஏன் இல்லை என்பதற்கு ஆற்றல் கணக்கில் பதில் இருக்கிறது. நம் பாடநூல்கள் அவசரமாகத் தாண்டிப்போகும் இடமும் இதுதான். சோடியத்தின் வெளிக்கூட்டில் ஒரே ஒரு எலக்ட்ரான். குளோரினின் வெளிக்கூட்டில் ஏழு. சோடியம் ஒன்றைக் கொடுத்துவிட ஆசைப்படுகிறது, குளோரின் ஒன்றை வாங்கி எட்டாக்கிக்கொள்ள ஆசைப்படுகிறது, கைமாறியதும் இருவரும் நிம்மதி அடைகிறார்கள் என்று சொல்லிக்கொடுக்கிறோம். மனப்பாடம் செய்ய இது வசதி, கணக்குக்கு ஒத்துவராது. 58 கிராம் உப்பு உருவாகும் அளவுக்குச் சோடியம் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவாகிறது. அவற்றைக் குளோரின் வாங்கிக்கொள்ளும்போது திரும்பக் கிடைப்பது 349 மட்டும். கைமாற்றத்தில் 147 கிலோஜூல் நஷ்டம். போதாததற்கு, திடச் சோடியத்தைத் தனித்தனி அணுக்களாக்க 107, இரட்டையாகத் திரியும் குளோரின் மூலக்கூறுகளைப் பிரிக்க 121. எல்லாம் சேர்ந்து 375 கிலோஜூல் கடன்.

கடனை அடைப்பது மின்கவர்ச்சி. எலக்ட்ரானை இழந்து நேர்மின்னூட்டம் பெற்ற சோடியம் அயனிகளும், அதை வாங்கி எதிர்மின்னூட்டம் பெற்ற குளோரைடு அயனிகளும் நெருங்கி அடுக்கடுக்காக அமரும்போது 787 கிலோஜூல் வெளிவருகிறது. கடன் போக மிச்சம் ஏறத்தாழ 411. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்த பிறகும் மிஞ்சும் அளவு இது. சோடியமும் குளோரினும் கண்ணைக் கூசவைக்கும் ஒளியோடு சேர்வது இதனால்தான்.

அந்த 787இல் ஒரு நுட்பம் உண்டு. சோடியம் அயனி ஒன்றின் இடத்திலிருந்து பாருங்கள். முதல் வட்டத்தில் ஆறு குளோரைடு இழுக்கின்றன. அடுத்த வட்டத்தில் பன்னிரண்டு சோடியம் தள்ளுகின்றன. அதற்கு அடுத்து எட்டு குளோரைடு இழுக்கின்றன, பிறகு ஆறு சோடியம் தள்ளுகின்றன. இப்படி முடிவில்லாமல் கூட்டியும் கழித்தும் போனால், அதே தூரத்திலுள்ள தனி ஜோடி ஒன்றின் ஈர்ப்பைப்போல் 1.7476 மடங்கு என்று வந்து நிற்கிறது. ஜெர்மனியின் மாதெலுங் 1918இல் கணக்கிட்ட எண் இது. ஒரே ஒருவரைப் பற்றிக்கொள்வதைவிட எல்லோருக்கும் நடுவில் நிற்பதில் லாபம் அதிகம். 1400 டிகிரிக்கு மேல் உப்பைக் கொதிக்கவைத்து ஆவியாக்கினால் மட்டுமே சோடியமும் குளோரினும் ஒன்றோடு ஒன்றாகச் சேர்ந்த மூலக்கூறுகள் பறக்கின்றன. அந்த ஜோடியில் இருவரும் படிகத்தில் இருப்பதைவிட நெருங்கி, 0.236 நானோமீட்டரில் இருப்பார்கள். ஆவி குளிர்ந்ததும் ஜோடி கலைந்து மறுபடியும் கூட்டம்தான்.

உப்புக் கல் ஏன் வளையாமல் உடைகிறது, உடைந்தாலும் ஏன் சமதளமான முகங்களோடு உடைகிறது என்பதும் இதிலிருந்தே புரியும். பெரிய கல் உப்பு ஒன்றை எடுத்துச் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். ஒரு வரிசை அயனிகள் ஓர் இடம் நகர்ந்தால் போதும், சோடியத்துக்கு எதிரே சோடியமும் குளோரைடுக்கு எதிரே குளோரைடும் வந்துவிடும். இழுத்துக்கொண்டிருந்தவை தள்ளத் தொடங்கும். கல் அந்தத் தளத்திலேயே பிளக்கும். பொடி உப்பைக் கறுப்புத் துணியில் தூவி உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் ஒவ்வொன்றும் சிறு கனசதுரம் என்பது தெரியும். விளிம்பில் 0.3 மில்லிமீட்டர் இருக்கும் ஒரு பொடியை எடுத்துக்கொள்வோம். அந்த விளிம்பில் மட்டும் பத்து லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட அயனிகள் மாறி மாறி வரிசையில் நிற்கின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கினால் 12 என்ற எண்ணுக்குப் பின்னால் 17 பூஜ்யங்கள். நாக்கில் பட்டால் கரிப்பது தெரிகிற சிறு துணுக்குக்குள் அத்தனை இருக்கின்றன.

இவ்வளவு இறுக்கமான கட்டைச் சட்டியிலுள்ள சாதாரணத் தண்ணீர் எப்படி அவிழ்க்கிறது? தண்ணீர் மூலக்கூறின் ஆக்சிஜன் பக்கம் சற்றே எதிர்மின் சாயல் கொண்டது, ஹைட்ரஜன் பக்கம் நேர்மின் சாயல் கொண்டது. ஆக்சிஜன் முனையைக் காட்டிச் சோடியத்தையும், ஹைட்ரஜன் முனையைக் காட்டிக் குளோரைடையும் தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்ளும்போது, படிகத்தை உடைக்கும் செலவு ஏறத்தாழ முழுவதும் ஈடாகிவிடுகிறது. 58 கிராமுக்கு வெறும் நாலு கிலோஜூல்தான் பற்றாக்குறை. அதைத் தண்ணீரிடமிருந்தே எடுத்துக்கொள்வதால் உப்பு கரையும்போது தண்ணீர் ஒரு துளி குளிர்கிறது. சர்க்கரை கரையும்போது அதன் மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன; ஒவ்வொரு மூலக்கூறும் உள்ளே முழுசாகவே இருக்கிறது. உப்பு கரைந்தபின் உப்பு என்று சொல்ல எதுவுமே அங்கு இல்லை; சோடியம் அயனிகள் தனி, குளோரைடு அயனிகள் தனி.

நம் உடம்பு கையாள்வதும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலில் லிட்டருக்கு ஒன்பது கிராம் உப்பு இருக்கிறது. உள்ளே போனதும் இரண்டு அயனிகளும் அவரவர் வேலைக்குப் பிரிந்துவிடுகின்றன. குளோரைடில் ஒரு பங்கு வயிற்றின் அமிலத்துக்குப் போகிறது. சோடியம் நரம்புச் செல்லின் சவ்வுக்கு வெளியே காத்திருக்கிறது. சவ்விலுள்ள வாசல் திறந்ததும் உள்ளே பாய்கிறது, அந்தப் பாய்ச்சல்தான் நரம்புச் செய்தி. பிறகு ஒரு புரத இயந்திரம் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. டென்மார்க்கின் ஸ்கோ 1957இல் கண்டறிந்த இந்த இயந்திரம், நீங்கள் இந்த வரியைப் படிக்கும்போதும் ஓய்வில்லாமல் ஓடுகிறது. தண்ணீரில் போட்டால் சீறி வெடிக்கும் அதே தனிமம், ஒரே ஒரு எலக்ட்ரான் குறைந்த வடிவில், தண்ணீரோடு இவ்வளவு சமாதானமாக வாழ்கிறது.

ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதமாவது அசையாதது என்று 2013 வரை நினைத்துக்கொண்டிருந்தோம். படிகவியல் அறிஞர் ஆர்டெம் ஓகனோவின் குழு, மிக அதிக அழுத்தத்தில் சோடியமும் குளோரினும் வேறு விகிதங்களிலும் சேரும் என்று கணினியில் கணித்தது. இரண்டு வைர முனைகளுக்கு இடையே உப்பை, ஒருமுறை கூடுதல் குளோரினோடும் இன்னொருமுறை கூடுதல் சோடியத்தோடும் வைத்து, வளிமண்டலத்தைப்போல் சில லட்சம் மடங்கு அழுத்தி, லேசரால் சூடாக்கியபோது, ஒரு சோடியத்துக்கு மூன்று குளோரின் கொண்ட சேர்மமும், மூன்று சோடியத்துக்கு ஒரு குளோரின் கொண்ட சேர்மமும் உண்மையாகவே உருவாயின. சயன்ஸ் இதழில் முடிவு வெளிவந்தது. பெர்த்தோலே சொன்னதுபோல் விகிதம் நழுவவில்லை. புதிய சேர்மம் ஒவ்வொன்றும் தனக்கென்று உறுதியான விகிதம் கொண்டதே. ஆனால் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களை எண்ணி எட்டு வருகிறதா என்று பார்க்கும் விதிப்படி இவை இருக்கவே கூடாதவை. சோடியம் மிகுந்த சேர்மத்தில் உப்பைப் போன்ற அடுக்குகளுக்கு இடையே சோடியம் மட்டுமே கொண்ட அடுக்குகள் வருகின்றன. அந்த அடுக்குகளில் உலோகத்தில் ஓடுவதுபோல் மின்சாரம் ஓடும் என்பது கணிப்பு. அழுத்தத்தைத் தளர்த்தினால் இரண்டு சேர்மங்களும் சிதைந்து சாதாரண உப்பாகிவிடுகின்றன, கூடுதலாகப் போட்ட தனிமம் தனியே ஒதுங்குகிறது. சோடியமும் குளோரினும் மட்டும்தான் இப்படியா, பாடநூலில் ஒரே ஒரு விகிதம் மட்டும் எழுதிவைத்திருக்கும் மற்றச் சேர்மங்களும் அழுத்தத்தில் இப்படி நடந்துகொள்ளுமா என்று இப்போது ஒவ்வொன்றாகப் பார்த்துவருகிறார்கள்.